டிஃபன் கேரியரைத் திறப்பதற்கு முன்



வக்கீல் கோட்டு மாட்டுவதற்கு முன் நாலு வருஷம் உங்களைப்போல் நானும் இந்தக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்தவன். ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். சைக்கிளை விற்று வாங்கிய பழைய மொபெட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரம் டார்ச் லைட் ஆடியது, நிறுத்தினேன். லைசென்ஸ் கேட்டார்கள், காட்டினேன். ஆர்.சி. கேட்டார்கள், காட்டினேன். "பையில என்ன?" என்றார் ஒருவர். "கேரியர் சார்." "தெற." திறந்தேன். மிச்சம் வைத்திருந்த கத்திரிக்காய் சாம்பாருக்குள் டார்ச்சை அடித்தார், மூடியாலேயே கிளறினார், "போ" என்றார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. வீடு போய்ச் சேரும்வரை சாம்பார் முழங்காலில் வழிந்தது. அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. "இப்படித்தான் போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டேன். இப்படித்தானா என்று கேட்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

போலீஸ்காரர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ரோடு சாதாரண ரோடு இல்லை. வடக்கே பாண்டி, தெற்கே காரைக்கால், நடுவில் நாம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் சீட்டுக்கு அடியிலும் டேங்குக்குப் பக்கத்திலும் பாட்டில் எடுத்த கதைகளை நீங்களே சொல்வீர்கள். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, சரக்கோடு வண்டியையும் பறிமுதல் செய்ய அதில் இடம் உண்டு. ஆகவே நிறுத்துவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

கேட்பது வேறு, திறப்பது வேறு என்றுதான் சொல்ல வந்தேன்.

யூனிஃபார்மில் உள்ள எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவு. டிஜிலாக்கரில் இருந்தால் போனில் காட்டினாலே போதும், 2018-இல் விதியையே திருத்திவிட்டார்கள். ஊதச் சொன்னால் ஊத வேண்டும். பதிவோ லைசென்ஸோ இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கலாம், அது 207-ஆவது பிரிவு. அந்தச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள், வண்டியில் தொங்கும் சாப்பாட்டுப் பையைத் திற என்று அதில் இல்லை. சாவியைப் பிடுங்கு என்றும் இல்லை.

திறக்கிற அதிகாரம் வேறு சட்டங்களில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 185-ஆவது பிரிவு. (மோட்டார் சட்டத்திலும் ஒரு 185 உண்டு, அது குடித்துவிட்டு ஓட்டுவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்!) இந்த சன்ஹிதாவில் "இடம்" என்றால் வீடு மட்டுமல்ல, கூடாரமும் வாகனமும்கூட இடம்தான். உங்கள் ஸ்கூட்டர் டிக்கி, சட்டத்தின் கண்ணில் ஒரு சின்ன வீடு. அதைச் சோதிக்க ஒரு வழக்கு விசாரணையில் இருக்க வேண்டும், அதற்கு வேண்டிய பொருள் அங்கே இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தைச் சோதனைக்கு முன்பே எழுத வேண்டும். எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சோதனையை வீடியோ எடுக்கவும் வேண்டும். கஞ்சா, மது என்று தனிச் சட்டங்களில் போனாலும் சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும். "சும்மா பாத்தேன்" என்பது காரணம் ஆகாது.

இது நம் ஊர்த் தகராறு மட்டும் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம். 1921-இல் மிச்சிகன் மாநிலத்தில் கரோல் என்பவரின் காரை மறித்து, சீட்டு மெத்தையைக் கிழித்து, 68 பாட்டில்கள் எடுத்தார்கள். 1925-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கார் ஓடிப்போய்விடும், வாரண்ட் வாங்க நேரம் இருக்காது, ஆனால் காரைச் சோதிக்கத் தக்க காரணம் இருந்தாக வேண்டும் என்றது. மெத்தைக்குப் பதில் மொபெட் சீட்டு, மிச்சிகனுக்குப் பதில் ஆல்பேட்டை. கதை ஒன்றுதான்!

இனி கசப்பான பகுதி. காரணமே இல்லாமல் திறந்தார்கள், உள்ளே ஏதோ கிடைத்தும் விட்டது, அப்போது என்ன? அமெரிக்காவில் அந்தச் சான்றைப் பெரும்பாலும் நீதிமன்றம் தள்ளிவிடும். இங்கே அப்படி இல்லை. 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சோதனை முறைகேடானது என்பதற்காக மட்டும் கிடைத்த சான்றை ஒதுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், கை தட்டினோம். ஆனாலும் பூரன் மல் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரோட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் பல நேரம் கோர்ட்டிலும் கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்வியை டார்ச் வெளிச்சத்திலேயே கேட்டாக வேண்டும்.

எப்படிக் கேட்பது? சண்டை போடச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடியில் நிற்காமல் போன பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் விரட்டி உதைத்தார், பின்னால் உட்கார்ந்திருந்த பெண் செத்தே போனார். 2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் போலீஸிடம் அடிபட்டவர் மறுநாள் உயிரோடு இல்லை. அதனால் ஓடாதீர்கள், முறைக்காதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். "சார், என்ன சந்தேகம்னு சொல்லுங்க. எழுதிட்டு, வீடியோ எடுத்துட்டுப் பாருங்க." இவ்வளவுதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து மெஷினில் நிற்கும் பையன்களுக்கு இந்த வாக்கியத்தை இந்தியில் சொல்லிக் கொடுங்கள். முதலில் நிறுத்தப்படுவது அவர்கள்தான்.

போனைக் காட்டு என்றால்? 2021-இல் ஹைதராபாத்தில் போலீஸார் வழியில் மறித்து வாட்ஸ்அப்பில் "கஞ்சா" என்று தேடினார்கள். அதே வருஷம் கர்நாடக உயர் நீதிமன்றம், அவசரம் இருந்தால் ஒழிய போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டும் என்றது. அது பக்கத்து மாநிலத் தீர்ப்பு, ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு ஒன்று வந்திருக்கிறது. ஒரு சகோதரி கேட்கிறார்: "ஆண் போலீஸ் என் கைப்பையைத் திறக்கலாமா?" அம்மா, உங்கள் உடம்பைச் சோதிப்பதென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதில் மாற்றே கிடையாது. கஞ்சா வழக்கென்றால் மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால்தான் என்று கேட்கும் உரிமையும் உண்டு, அதை அவர்களே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பு. ஆனால் கைப்பை? 2005-இல் உச்ச நீதிமன்றம், பை என்பது உடம்பு ஆகாது என்றது. அதனால் பைக்கு அந்த உரிமை வராது. சந்தேகத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கிற உரிமை வரும். அடுத்த சீட்டு கொடுங்கள்.