உள்ளிருந்து திறக்கும் கதவு
(நமது அறநிறுவனத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமய வகுப்பின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு தலைவர் பணித்தார்கள். அந்தச் சிறப்பைச் சற்று முன்னர் இம்மேடையில் திருமுறை ஓதிய பிள்ளைகளே காட்டிவிட்டார்கள். ஆகவே அவ்வகுப்பு நடைபெறும் மாடியின் பின்கதவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

நாம் கூடியிருக்கும் இந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்கு அப்பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகரம் தீயில் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த வீடுகளைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டவேண்டும் என்று ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கற்சூளைகள் இங்கே எழுந்தன. ஆனால் செங்கல் வீட்டிலும் மனிதர் மாட்டிக்கொள்ள முடியும் என்பதை நம் காலத்தில் கண்டோம்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14, விடிவதற்கு முன். இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், டத்தோ கிராமாட் சாலையிலிருந்த தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா என்னும் மதரசாவின் மூன்றாம் மாடியில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தீ வாசலருகே பற்றியது. சன்னல்களில் இரும்புக் கிராதி. 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களுமாக 23 பேர் மாண்டனர். மூல வரைபடத்தில் அந்த மாடியிலிருந்து இரண்டு படிக்கட்டுகளுக்கும் போக வழி இருந்தது. பின்னர் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர் ஒரு வழியை அடைத்துவிட்டது என்று அப்போதைய அமைச்சர் தெரிவித்தார். தீயை மூட்டியவர்கள் வெளியிலிருந்து வந்த இளைஞர்கள் என்றும், கீழ்த்தளச் சமையலறையின் எரிவாயுத் தோம்புகளை மேலே கொண்டுபோனார்கள் என்றும் போலீஸ் கூறியது. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். வெளியாரைத் தடுக்க வைத்த கிராதி வெளியாரைத் தடுக்கவில்லை. பிள்ளைகளைத்தான் தடுத்தது.

அது வேற்றுச் சமயத்தார் பள்ளி என்று எண்ணிவிட வேண்டாம். நவக்கிரகத் தல யாத்திரை செல்லும்போது நம்மில் பலர் தங்கும் கும்பகோணத்தில், 2004ஆம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை, 94 குழந்தைகள் பள்ளிக்கூடத்திலேயே கருகினார்கள். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ மாடிக் கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. இறங்குவதற்கு இருந்தது ஒரு குறுகிய படிக்கட்டு. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. அத்தீவிபத்தின் விளைவாக எழுந்த பொதுநல மனுவில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் பகுதியே என்று இந்திய உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. கும்பேசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் நினைவிடத்திற்கும் ஒருமுறை போய்வரலாம்.

இனி நம் மாடிக்கு வருகிறேன். சனி ஞாயிறுகளில் அங்கே நம் பிள்ளைகள் தேவாரமும் தமிழும் படிக்கிறார்கள். கீழே மடப்பள்ளி. அங்கே எரிவாயு, எண்ணெய், நெய். முன்படிக்கட்டின் திருப்பத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளும், சென்ற தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலின் அட்டைப் பெட்டிகளும். (அவை யாருடையவை என்று கேட்டால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கிறோம்!) பின்பக்கம் ஒரு கதவு உண்டு. அதற்குக் கிரில். கிரில்லுக்குப் பூட்டு. சாவி அலுவலகத்தில்.

படிக்கட்டு என்பது தீ பிடித்தால் புகைபோக்கியாக மாறிவிடும். சூடான புகை மேலேதான் ஏறும். நெருப்பு வந்து தொடுவதற்கு முன்பே புகை மயக்கிவிடும். சிறு பிள்ளைகள் பயந்தால் ஓடமாட்டார்கள், மேசைக்கடியில் ஒளிந்துகொள்வார்கள். அந்த வேளையில் அலுவலகத்துக்குச் சாவி எடுக்கப் போவது யார்?

செயலவையில் இதை நான் எடுத்தபோது பொருளாளர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "ஐயா, பின்சந்தில் நடமாட்டம் சரியில்லை. பூட்டை எடுத்துவிட்டால் உண்டியலுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் யார் பொறுப்பு?" என்றார். அவர் கவலையை நான் மறுக்கவில்லை. இரண்டு முறை திருடு போன கோயில் இது. ஆனால் பூட்டை எடுக்கும்படி நான் சொல்லவில்லையே. வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து சாவியின்றித் தள்ளினால் திறப்பதுமான கதவுகள் கடைகளில் கிடைக்கின்றன. பேரங்காடிகளில் தினமும் பார்க்கிறோம். வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களின் 173ஆம் விதி. அது நம் உபயதாரர் ஒருவர் ஒருநாள் திருவிழாவில் மாலைகளுக்குச் செய்யும் செலவுக்குள் அடங்கிவிடும் என்று இரும்புப் பட்டறைக்காரர் கணக்குக் கொடுத்திருக்கிறார். உண்டியலையும் வெள்ளியையும் கீழ்த்தளத்து இரும்புப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் மாடியில் திருட ஒன்றுமில்லை, கரும்பலகையைத் தவிர.

செயலவை இசைந்துவிட்டது. பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கூட்டம் நெருக்கினால் உட்பக்கம் இழுக்கும் கதவைத் திறக்கவே முடியாது.

மீதி வேலை உங்களுடையது. பிள்ளையை விடும்போது வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டதா என்று பாருங்கள். பாதியில் அழைத்துப் போனால் ஆசிரியையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளியில் பெயர் கூப்பிட்டவன் சொல்கிறேன், வெளியே நிற்கும் பிள்ளைகளை எண்ணும்போது அந்தப் பதிவேடு ஒன்றுதான் கைகொடுக்கும். வீட்டில் போய் உங்கள் படுக்கையறைக் கிரில்லின் சாவி எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். கிள்ளானில் கடைவீட்டு மாடி டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள், அங்கே இரண்டாவது வழி எது என்று ஒருமுறை கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு முதல் ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் பையை விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கிச் சந்தில் வரிசையாக நிற்பார்கள். ஆசிரியை பெயர் கூப்பிடுவார். அன்று ஒரு நாளாவது அந்தச் சந்தில் கார் நிறுத்தாதீர்கள். மாடிப்படியிலுள்ள பெட்டிகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் இளைஞர் பகுதியினர் அப்புறப்படுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உரியவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம்.