டெலிபோன் பிளக்கும் சீரியல் கம்பியும்

டெலிபோன் கம்பியின் நுனியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். முதுகிலே சிறு நாக்கு. வயிற்றிலே பொன்முலாம் பூசிய தகடுகள். செருகினால் 'டிக்' என்று பற்றிக்கொள்ளும். வீட்டு டெலிபோன் அருகிப் போன பின்னரும் இத்துண்டு மறையவில்லை. கடைத் தராசிலும், பில் அடிக்கும் பொறியிலும், வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கியிலும் குடிபுகுந்திருக்கிறது. உருவம் ஒன்று, வேலை வேறு. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

நமக்கு வடகிழக்கே, சவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதைக் கண்டுவந்த ஆர்வத்தில் பாலக்கோட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்று, நன்கொடையாகக் கிடைத்த சிறு தொலைநோக்கியைக் கணிப்பொறியால் இயக்க விரும்பியது. கம்பி தொலைந்திருந்தது. புதியதன் விலையோ பள்ளிக்கு எட்டாதது. மாணவர் இருவர் என்னிடம் வந்தனர். ஒருவர் கையில் டெலிபோன் கம்பி. அதன் மறுமுனை சுவரில் செருகியபடியே இருந்தது. அதைத் தொலைநோக்கியில் செருகிப் பார்க்கலாமா என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்தார்! டெலிபோன் கம்பியில் சும்மா இருக்கையில் 48 வோல்ட்டு. மணியடிக்கையில் 75 வோல்ட்டுக்குக் குறையாத மாறுமின்சாரம் அதன்மேல் ஏறும். ஐந்து வோல்ட்டில் வாழும் நுண்கருவி அதைத் தாங்குமா?

முதலில் பிளக்கை அடையாளங் காணவேண்டும். ரிசீவரின் சுருள் கம்பியில் உள்ளது மிகச் சிறியது, அகலம் 7.65 மில்லிமீட்டர், தகடு நான்கு. சுவர்க் கம்பியில் உள்ளது 9.65 மில்லிமீட்டர், பள்ளம் ஆறு, ஆனால் தகடு இரண்டோ, நான்கோ, ஆறோ இருக்கலாம். கணிப்பொறி வலையின் பிளக் சுமார் 11.7 மில்லிமீட்டர், தகடு எட்டு. ஆர்ஜே-11, ஆர்ஜே-45 என்று கடைத்தெருவில் வழங்கும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். அவை 1970களில் அமெரிக்க டெலிபோன் இணைப்பு முறைகளுக்கு இட்ட பெயர்கள். உருவத்தின் பெயர்கள் அல்ல. அளந்து, எண்ணி, பிறகு வாங்குங்கள். ஆறு பள்ளப் பிளக் எட்டுத் தகட்டு ஜாக்கிலும் நுழையும். நுழைந்து இரு ஓரத் தகடுகளையும் வளைத்துவிடும்.

எங்கள் கருவியில் ஒரே சாயலில் மூன்று துளைகள். கணிப்பொறிக்கு உரியது மிகச் சிறியதான நான்கு தகட்டுத் துளை என்று கையேடு கூறிற்று. எத்தகடு எதற்கென்று அது கூறவில்லை. மல்டிமீட்டர் கூறியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின்வாயிலின் எதிர்முனையோடு நேராகத் தொடர்புள்ள தகட்டைத் தேடினோம், அது தரை. பிறகு மின்சாரம் கொடுத்து அளந்தோம். ஒரு தகட்டில் தரையைவிட ஏறத்தாழ ஆறு வோல்ட்டு குறைவாக, எதிர்க்குறியோடு முள் நின்றது. அதுவே கருவி பேசும் தகடு. 1960இல் வெளிவந்த ஆர்எஸ்-232 என்னும் நெறிப்படி, பேசாதிருக்கும்போது கம்பி எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். கேட்கும் தகடு சுழியருகே நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி அளந்தால் அதற்கும் தரைக்கும் இடையே 3000 முதல் 7000 ஓம் வரை தடை காட்டும். பேசும் தகட்டில் நேர்க்குறியோடு 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது வேறு சாதி. கணிப்பொறியின் 12 வோல்ட்டு அதைச் சுட்டுவிடும்.

ரிசீவரின் சுருள் கம்பியை வெட்டிப் பயன்படுத்தலாமென எண்ணுவீர்கள். அதனுள் இருப்பது நூலின்மேல் சுற்றிய மெல்லிய செப்பேடு. ஈயம் ஒட்டாது, நூல் கருகும். ஆகவே தட்டைக் கம்பி வாங்கி, ஒரு முனையில் நான்கு தகட்டுப் பிளக்கை அழுத்துகருவியால் பதித்தோம். மறுமுனையில் ஒன்பது ஊசி இணைப்பி. அதன் எண்கள் ஊசிகளின் அருகே பொடி எழுத்தில் பொறித்திருக்கும். முதியவர்களுக்கு உருப்பெருக்கி வேண்டும்! கருவி பேசும் கம்பி இரண்டாம் எண்ணுக்கு. கேட்கும் கம்பி மூன்றாம் எண்ணுக்கு. தரை ஐந்தாம் எண்ணுக்கு. நான்காவது கம்பியை எதிலும் சேர்க்காமல் நாடா சுற்றி விட்டுவிட்டோம். சில கருவிகளில் அதில் மின்சாரம் வரும்.

இந்நாளைய மடிக்கணினிகளில் ஒன்பது ஊசி வாயில் கிடையாது. யூஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். கருவியோடு சேர்க்குமுன் மாற்றியைச் சோதிப்பது நலம்: இரண்டாம், மூன்றாம் ஊசிகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துத் தட்டச்சு செய்தால், தட்டிய எழுத்தே திரும்பித் திரையில் தோன்றவேண்டும். தோன்றியது. பிறகு வேகத்தை நொடிக்கு 9600 என்றும், எட்டுத் துண்டு, ஒரு முடிவு, சரிபார்ப்பு இல்லை என்றும் அமைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லாரியம் நிரலில் திருவாதிரை மீனைச் சுட்டினோம். தொலைநோக்கி முனகிக்கொண்டு திரும்பிற்று. மாணவர்கள் வியாழனைக் கேட்டனர். மணி ஒன்பதரை ஆகியும் வீடு செல்லவில்லை.