ஒழுகும் தாங்கியும் ஒட்டாத பசையும்



இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலே மழை கொட்டுகிறது. மழை விழுந்தால் தேயிலை தளிர்க்கும். அதைவிட வேகமாகப் புல் தளிர்க்கும். இறக்குவானையிலும் காவத்தையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சுரண்டி பிடித்தார்கள். பிறகு மருந்து அடித்தார்கள். 2015ஆம் ஆண்டு கிளைபோசேட் களைநாசினி இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். 2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியையே சில மாதங்கள் நிறுத்தினார்கள். இத்தனை மாற்றங்களுக்கு நடுவில், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிற மெஷின் நம்முடைய மலைச்சரிவுகளில் நன்றாகவே இடம்பிடித்துக்கொண்டது.

அந்த மெஷினின் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். ஒரு லீற்றருக்கு முன்பின் பெற்றோல் பிடிக்கும். அது ஒழுக ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

சின்ன ஒழுக்குத்தானே என்று விட்டுவிட முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட ஒரு மணித்தியாலத்தில் ஒரு சின்னக் கிளாஸ் பிளேன்டீ அளவு பெற்றோல் தரையில் போய்விடும். 2022இல் ஷெட் வரிசையில் நின்று களைத்தவர்களுக்கு, கியூஆர் முறை வந்த புதிதில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் என்று வாழ்ந்தவர்களுக்கு, அந்தக் கிளாஸின் மதிப்பு தெரியும். காசு போவதைவிடப் பெரிய ஆபத்து, அந்தச் சொட்டு சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் விழுவது.

சரி, முதல் வேலை என்ன? தாங்கிதான் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. பல நேரங்களில் குற்றவாளி தாங்கியே அல்ல. பெற்றோல் குழாய் தாங்கிக்குள் நுழைகிற துளையில் ஒரு சின்ன றப்பர் புஷ் இருக்கும். வெயிலிலும் பெற்றோலிலும் கிடந்து அது இறுகிச் சுருங்கிவிடும். சில மெஷின்களில் குழாயே விறைத்து, மடங்குகிற இடத்தில் கீறல் விட்டிருக்கும். மூடியின் வாஷர் தேய்ந்திருக்கலாம். மூடியில் காற்றுப் போகிற நுண்துளை மண் அடைத்திருந்தால், வெயில் ஏற ஏறத் தாங்கிக்குள் அழுத்தம் கூடி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பெற்றோல் பிதுங்கும். இவையெல்லாம் சின்னச் சாமான் மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? டூ-டி ஒயில் கலந்து ஓட்டுகிற மெஷின் என்றால் அந்த ஒயிலே காட்டிக்கொடுக்கும். பெற்றோல் காற்றில் பறந்துவிடும், ஒயில் தங்கிவிடும். எந்த இடத்தில் கறுப்பாகப் பிசுபிசுத்துத் தூசி ஒட்டியிருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே பாருங்கள். பிறகு எஞ்சின் நன்றாக ஆறியதும் வெளியே திறந்த இடத்தில் பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள். துளைகளை அடைத்து, ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஓட்டை. உள்ளே காற்று ஏற்ற வேண்டுமென்றால் சைக்கிள் பம்பால் மிக மெதுவாக. வாய் வைத்து ஊத வேண்டாம். குழாயில் வாய் வைத்துப் பெற்றோலை உறிஞ்சி இழுக்கிற பழக்கத்தையும் இதோடு விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். தப்பித்தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தியோடு அது மீண்டும் நுரையீரலுக்குள் போகும்.

ஓட்டை தாங்கியில்தான் என்று உறுதியாகிவிட்டது. உடனே கை எங்கே போகும்? சுப்பர் குளூ, அரல்டைட். பூசுகிறோம், காய்கிறது, கல்லாகிறது. பெற்றோல் ஊற்றி இரண்டு நாள் வேலை செய்தால் தோலாக உரிந்து கையோடு வருகிறது. பசை மோசம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். கடைக்காரர் என்ன செய்வார்?

இந்தத் தாங்கிகளில் பெரும்பாலானவை பொலித்தீன் குடும்பத்துப் பிளாஸ்டிக். 1933இல் இங்கிலாந்தில், வேறொரு பரிசோதனைக்கு நடுவே தற்செயலாகப் பிறந்த பொருள் அது. 1953இல் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் சீக்லர் அதைக் கடினமான வகையாகச் செய்யும் வழி கண்டார். பத்து ஆண்டில் அதற்கு நோபல் பரிசும் வந்தது. இந்தப் பிளாஸ்டிக்கின் குணம், எதோடும் சேராமல் தன் பாட்டில் இருப்பது. அமிலம், உப்பு, தண்ணீர், பெற்றோல் எதுவும் அதை எளிதில் கரைக்காது. அதனால்தான் அதைத் தாங்கியாகச் செய்கிறார்கள். அதே காரணத்தால்தான் பசையும் அதோடு சேர மறுக்கிறது. சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி, பசை அதன் மேல் இருக்குமே தவிரப் பிடிக்காது. பெற்றோலைத் தாங்குகிற குணமும் பசையைத் தள்ளுகிற குணமும் ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் காசு மிச்சம்.

வேறு சில கைவைத்தியங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ரெஜிபோமைப் பெற்றோலில் கரைத்தால் நல்ல பசை மாதிரி ஒரு குழம்பு வரும். அதை ஓட்டையில் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோலில் கரைந்த பொருள் பெற்றோலைப் பார்த்தால் மறுபடியும் கரையத்தானே செய்யும்? அடுத்தது, பழைய ரியூப்பை வெட்டி வாஷர் போடுவது. கேகாலை, இலங்கையில் இறப்பர் அதிகம் விளைகிற மாவட்டங்களில் ஒன்று. விடியலில் எழுந்து பால் வெட்டுகிறவர்கள் நாம். ஆனாலும் சொல்கிறேன்: மரத்துப் பால் இறப்பருக்கும் பெற்றோலுக்கும் ஆகாது. பெற்றோலை உறிஞ்சி அது ஊதிப் பருத்துவிடும், பிறகு பலமிழந்துவிடும். பெற்றோலுக்கென்றே 1930களில் ஜெர்மனியில் உருவாக்கிய செயற்கை இறப்பர் ஒன்று உண்டு. பெயர் நைட்ரைல். கடையில் வாஷரோ புஷ்ஷோ கேட்கும்போது "பெற்றோலுக்குப் போடுற ரகம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

சவர்க்காரத்தை மட்டும் முழுதாகத் தள்ள மாட்டேன். நடுக்காட்டில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால், உலர்ந்த சலவைச் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்ப்பார்கள். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஆகவே தாங்கியில் மிச்சமிருப்பதை வீணாக்காமல் வடித்தெடுக்கிற நேரத்துக்கு அது தாங்கும். ஆனால் தண்ணீரில் கரையும். நம்முடைய ஊர் மழையில் அதன் ஆயுள் எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். அதை நம்பி எஞ்சினை மறுபடி ஓட்ட வேண்டாம்.

அப்படியானால் சரியான வழி? தன் இனத்தைத் தன் இனத்தோடு உருக்கிச் சேர்ப்பது. பிளாஸ்டிக்கை வெல்டிங் செய்வது என்று கராஜில் சொல்வார்கள். அதற்கு முன்னால் அது எந்த இனம் என்று தெரிய வேண்டும். தாங்கியின் அடியில் சின்ன எழுத்து அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தில் பி, ஈ என்று இருந்தால் பொலித்தீன் வகை. பி, ஏ என்று இருந்தால் நைலோன். எழுத்து அழிந்துவிட்டதா? ஓரத்தில் நகத்துணுக்கு அளவு சீவி எடுத்துத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பொலித்தீன் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மூழ்கினால் நைலோனாக இருக்கலாம். பொலித்தீன் 130 பாகை சூட்டை ஒட்டி உருகும். நைலோன் உருக 200 பாகையைத் தாண்ட வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்க முடியாது.

இங்கேதான், நேயர்களே, கொஞ்சம் நின்று கேளுங்கள். சூடு என்று சொல்லிவிட்டேன். பெற்றோல் தாங்கி என்றும் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது உயிர் போகலாம்.

நம்முடைய கை மண்ணெண்ணெயில் பழகிய கை. குப்பி விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி வளர்ந்த தலைமுறைகள் நம்மிடம் உண்டு. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். பெற்றோலோ, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில்கூட அப்படி ஆவி விடும். எரிவது அந்த ஆவிதான். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த தாங்கிக்குள் ஆவி இருக்க இடமில்லை. வடித்துவிட்டு "காலிதானே" என்று வைக்கிற தாங்கிக்குள்தான் காற்றும் ஆவியும் அந்த அளவில் கலந்து கிடக்கும். காலித் தாங்கிதான் வெடிக்கும்.

இன்னொன்று. இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இஸ்தோப்பில் தாங்கியைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பின்னால் குசினியில் விறகு எரிகிறது. நடுவில் இருப்பது சில அடி தூரம். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ ஒரு வீட்டோடு நிற்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் பம்ப் ஓட்டுகிறவர்களே, குழி வாயில் வைத்துப் பெற்றோல் வேலை எதுவும் செய்யாதீர்கள். கனமான ஆவி நேராகக் கீழே, ஆள் நிற்கிற இடத்துக்கு இறங்கும்.

ஆகவே ஆவியை வெளியேற்றுவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி. பெற்றோலை வடித்த பிறகு, பாத்திரம் கழுவுகிற திரவமும் சுடுதண்ணீரும் விட்டுக் குலுக்கிப் பலமுறை கழுவுங்கள். கழுவிய தண்ணீரைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். பிறகு மூடியைத் திறந்து, வீட்டுக்குத் தள்ளி, நிழலில் காற்றாடவிட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஒரு நாள் போதாதா என்று கேட்பீர்கள். பெற்றோல் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்காதே தவிர, வருடக்கணக்கில் கிடந்தால் அதன் சுவருக்குள் கொஞ்சம் ஊறியிருக்கும். கழுவிய தாங்கி மறுநாள் மறுபடி மணப்பது அதனால்தான். மணம் இருக்கும் வரை சூடு காட்டாதீர்கள். மணம் போனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். வேலை செய்யும் நேரத்தில் கீறல் மேல்பக்கம் வரும்படி தாங்கியை வைத்து, கீறலுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினால், ஆவி சேர உள்ளே இடம் மிகக் குறைவு.

இனி வேலை சுருக்கம். கீறலின் இரண்டு முனைகளிலும் கையால் சுற்றுகிற துளைக்கருவியால் சின்னத் துளை போட்டால், கீறல் மேலும் ஓடாது. கீறல் நெடுக வாய்க்கால் மாதிரிச் சீவி, சுற்றிலும் சேண்ட் பேப்பர் போட்டுத் துடையுங்கள். அதே இனப் பிளாஸ்டிக்கில் சீவிய நாரை வைத்து, சோல்டரிங் அயனால் நாரையும் தாங்கியையும் சேர்த்தே உருக்க வேண்டும். தாங்கி உருகாமல் நார் மட்டும் உருகி மேலே படிந்தால் அதுவும் உரியும். புகை வந்தால் சூடு அதிகம். பிளாஸ்டிக் கருகிப் பலமிழக்கிறது. தானாக ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தண்ணீரை நிறுத்தாத தாங்கி பெற்றோலை நிறுத்தாது. நைலோன் தாங்கி என்றால் நன்றாகச் சுரண்டித் துடைத்த பிறகு அரல்டைட் மாதிரியான பசை ஓரளவு பிடிக்கும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று தோன்றினால் அது கோழைத்தனம் அல்ல. பழகிய பாஸிடம் கொடுங்கள். அவரிடமும் "கழுவிக் காயவைத்தாச்சா" என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். எஞ்சின் பிடிக்கிற காதில் கீறல் விட்டிருந்தாலோ, பல இடத்தில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தாலோ, பிளாஸ்டிக் நொறுங்குகிற மாதிரி இருந்தாலோ யாரும் ஒட்டித் தர முடியாது. புதுத் தாங்கி போடுவதுதான் கணக்கு. ஒருவேளை தீ பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெற்றோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். மண்ணையோ மணலையோ அள்ளிக் கொட்டுங்கள். சுட்ட உடம்புக்குப் பற்பசை வேண்டாம்; இருபது நிமிடம் ஓடுகிற குளிர்ந்த தண்ணீர். அம்புலன்சுக்கு 1990.

கழற்றிப் போட்ட பழைய தாங்கியில் யாரும் தண்ணீர் பிடிக்கவோ மண்ணெண்ணெய் வைக்கவோ விடாதீர்கள். நன்றாகக் கழுவிப் பல நாள் காயவைத்து, கைவாளால் நீள நீள நாராக அறுத்து, எந்த மெஷினுடையது என்று எழுதிக் கட்டி வையுங்கள். கடையில் தேடினாலும் கிடைக்காத, அதே இனத்து ஒட்டுநார் அதுதான். அடுத்த வீட்டு மெஷின் ஒழுகும்போது உதவும்.