ஔடத தானமும் வருமுன் காக்கும் ஊசியும்



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானத்தை நான்காக வகுத்தது நம் அறம். அவற்றுள் ஔடத தானம் குறித்துச் சில சொல்ல விழைகிறேன்.

காமாலை என்றதும் நாம் கீழாநெல்லியைத் தேடுவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்போர்க்கு அம்மூலிகையைக் கொடுத்து ஆராய்ந்து, 1988-இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்கிருமி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்கும் அவ்வாய்வில் பங்கேற்றார். முதல் முடிவுகள் நம்பிக்கை தந்தன. பின்வந்த ஆய்வுகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. எனவே இந்நோயில் வருமுன் காத்தலே நல்வழி.

1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, நோய்க்கிருமியைச் சுமப்போரின் குருதிநீரிலிருந்து பிரிக்கப்பட்டது. 1986-இல் வந்தது வேறு வகை. கிருமியின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் ஈஸ்ட்டினுள் செலுத்தி, அப்புரதத்தை விளைவித்தனர். அதில் நோய் தரும் கிருமி இல்லை. ஆயினும் இறக்குமதி விலை எளியோர்க்கு எட்டவில்லை. மின்னணுப் பொறியாளரான வரப்பிரசாத் ரெட்டி, 1993-இல் ஐதராபாத்தில் தம் அன்னையின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1997-இல் அங்கு உருவான தடுப்பூசி வெளிவந்தது. விலை பெரிதும் இறங்கியது.

“ஊசியில் இம்சை இல்லையா?” எனப் பெரியோர் சிலர் வினவுவர். நேர்மையான வினா. தொடக்க காலச் சோதனைகளில் சிம்பன்சிகள் துன்புற்றன. அதனை மறைத்தல் வாய்மையாகாது. ஆயினும் இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம். உழவிலும் அடுப்பிலும் நேரும் ஊற்றைக் குறைத்து வாழ்வதே நம் ஒழுக்கம். தாயிடமிருந்து பிறப்பின்போது இக்கிருமி தொற்றும் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமும் புற்றும் விளையக்கூடும். காக்கும் வழி அறிந்தும் காவாதிருத்தல் அகிம்சையாகுமா? சிந்தியுங்கள்.

ஆதலால் தாய்மார்களே, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட்டதா எனக் கேளுங்கள். பின்பு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியில் அது சேர்ந்தே வரும். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. வசதியுள்ளோர், ஊசி போடாத ஏழை வீட்டுப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் ஔடத தானமே. அபய தானமும் ஆகும்.

திருவறம் வளர்க!