பெட்டியில் தூங்கும் பாலிசி



நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம். கடையில் கடன் எவ்வளவு என்று வீட்டாரிடம் சொல்ல மாட்டார்கள். கட்டி வரும் பாலிசியையும் சொல்ல மாட்டார்கள். மவ்த்தான மறுவாரமே கடன்காரர் தேடி வந்துவிடுவார். பாலிசி தேடி வருமா? நாம்தான் தேட வேண்டும்!

இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்ற சர்ச்சையை இங்கே இழுக்காதீர்கள். அதைத் தனியே பேசுவோம். மர்ஹூம் கட்டிய பணம் கம்பெனியில் கிடக்க, அவர் பிள்ளைகள் ஸ்கூல் பீஸுக்குக் கையேந்துவதா?

பேங்க் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். ஒரே தொகை தவணை தவறாமல் போயிருந்தால் அது பிரிமியமாக இருக்கலாம். வரிக்கணக்கு எழுதிய ஆடிட்டரையும் கேளுங்கள். 2000-க்கு முன் எடுத்தது என்றால் அலைச்சல் குறைவு. அன்று தனியார் கம்பெனி ஏது? எல்.ஐ.சி., இல்லையேல் அஞ்சல் காப்பீடு. பிந்தியது என்றால், கேட்பாரற்ற தொகையைத் தேடிப் பார்க்க ஒவ்வொரு கம்பெனியின் இணையதளத்திலும் வழி இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பான் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாண்டு யாரும் கேட்காவிட்டால் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். போன பிறகும் 25 ஆண்டுக்குள் உரியவர் கேட்டு வாங்கலாம்.

இத்தாவில் இருக்கும் சகோதரியிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறார்களே சில உறவினர்கள், சொல்லவே நாக்கூசுகிறது! இளைஞர்களே, படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகே அவர் கையெழுத்திடட்டும். பாண்டு தொலைந்ததா? இறப்புச் சான்றிதழுடன் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கேட்பார்கள், கொடுங்கள். "கமிஷன் தந்தால் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.