பொறுக்கி எடுத்தால்தான் ரகம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீட்டிலேயே வண்ண மீன் வளர்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. எழுதி வைத்துப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "மீன்ல என்ன வருமானம் வருது, அதைப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. வருமானத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த வருமானம் எதிலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். மீன் குட்டி போடுவதால் மட்டும் காசு வராது. போட்ட குட்டியில் எதை வைத்துக்கொள்கிறோம், எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது.

நான் வளர்ப்பது கப்பி மீன். சுண்டுவிரல் நீளம் கூட இருக்காது. ஆண் மீனுக்கு விசிறி மாதிரி வால், வாலில் சிவப்பு, நீலம், மஞ்சள், பாம்புத்தோல் மாதிரி கோடு என்று பல நிறம். பெண் மீன் கொஞ்சம் பெருசு, நிறம் குறைவு. இது முட்டை போடாது, குட்டியாகவே போடும். ஏறக்குறைய மாதம் ஒரு தடவை, ஒரு தாய் இருபது, முப்பது, நல்ல தாயாக இருந்தால் ஐம்பது குட்டி கூடப் போடும். பெரிய இடம் வேண்டாம். மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டி, உள்ளே எடுத்துப்போட்ட பழைய ஃப்ரிட்ஜ் டப்பா இதெல்லாம் போதும். ஒரு ஏர் மோட்டார், கொஞ்சம் ரப்பர் டியூப், பெட்டிக்கு ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர், கொஞ்சம் வேலம்பாசி. இவ்வளவுதான் முதல்.

ஆரம்பத்தில் ஆணும் பெண்ணும் எல்லா நிறமும் ஒரே தொட்டியில் இருந்தது. குட்டி நிறைய வந்தது. கவரில் கட்டிக்கொண்டு செங்குன்றம் போய், அங்கிருந்து பஸ் மாறி கொளத்தூர் போனேன். வண்ண மீனுக்குக் கொளத்தூர்தான் பெரிய சந்தை என்று உங்களுக்கும் தெரியும். கடைக்காரர் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கலப்பு மீன்மா. நூறு மீன் இருநூறு ரூபாய்"னு சொன்னார். ஒரு மீன் இரண்டு ரூபாய். அதே கடையில் பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில் ஒரே மாதிரி சிவப்பு வால் வைத்த மீன் ஜோடி எண்பது ரூபாய் என்று எழுதி ஒட்டியிருந்தது. அதுவும் கப்பிதான். அதே தண்ணீர், அதே தீனி. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அது ஒரே ரகம், என்னுடையது கலப்பு.

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. நம் வீட்டுக் கொல்லையில் கத்தரிக்காய் பறிக்கும்போது, நல்ல செடியில் நல்ல காயாக ஒன்றைப் பறிக்காமல் பழுக்க விடுவோம், விதைக்கு. களத்தில் நெல் அடிக்கும் முன்னே நம் பாட்டிமார்கள் நல்ல கதிராகப் பார்த்து விதை நெல்லுக்கு ஒதுக்கினார்கள். ஆட்டில் நல்ல கிடாவை விட்டு மற்றதை விற்போம். மீனிலும் அதே வேலைதான். மீன் சின்னதாக இருப்பதால் கண்ணை நன்றாகத் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எப்படிப் பொறுக்குவது என்று சொல்கிறேன்.

கப்பியில் முதல் பாடம் இதுதான். பெண் மீன் ஒரு தடவை ஆணோடு சேர்ந்துவிட்டால், அந்த விந்தை வயிற்றுக்குள்ளேயே பல மாதம் வைத்திருக்கும். பிறகு ஆணே இல்லாவிட்டாலும் மாதாமாதம் குட்டி போடும். அதனால் கலப்புத் தொட்டியில் வளர்ந்த பெண்ணை எடுத்து நல்ல ஆணோடு விட்டாலும், வரும் குட்டி யாருடையது என்று சொல்ல முடியாது. ரகம் வேண்டுமென்றால் ஆணோடு சேராத பெண் வேண்டும். ஆகவே குட்டி பிறந்து மூன்று வாரத்திலேயே பிரிக்க ஆரம்பிக்க வேண்டும். வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தால் தெரியும். பெண் குட்டிக்கு வயிற்றின் பின்பக்கம் கறுப்பாக ஒரு நிழல் இருக்கும். ஆணுக்கு அடித்துடுப்பு விசிறி மாதிரி இல்லாமல் குச்சி மாதிரி நீள ஆரம்பிக்கும். சந்தேகமாக இருக்கும் குட்டியை ஆண் பெட்டியில் போடுங்கள். ஆண் பெட்டியில் ஒரு பெண் இருந்தால் அந்த ஒரு பெண்தான் வீண். பெண் பெட்டியில் ஒரு ஆண் இருந்தால் பெட்டியே வீண்.

ஒரு ரகத்துக்கு நாலு பெட்டி வேண்டும். தாய் தகப்பனுக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இடம் இல்லையென்றால் ஒரே ரகம் போதும். நாலு பெட்டியில் நாலு ரகம் வைத்தால் நாலு மாதத்தில் ஒரு ரகமும் இருக்காது.

இரண்டாவது பொறுக்கல் இரண்டு மாதத்தில். முதுகு வளைந்தது, வளராமல் குட்டையாக நின்றது, நீந்தும்போது சாய்கிறது, வால் கிழிந்தாற்போல் வருவது, இதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது பொறுக்கல் மூன்று, நான்கு மாதத்தில். அப்போதுதான் வால் முழுசாக விரியும். சீக்கிரம் நிறம் காட்டுகிற ஆண்தான் நல்ல ஆண் என்று நினைக்க வேண்டாம். பொறுமையாக வளருகிற ஆணுக்குக் கடைசியில் உடம்பும் வாலும் பெரிதாக வருவதுண்டு.

எல்லோரும் ஆணையே பார்க்கிறார்கள். வால் அழகாக இருக்கிறதே என்று ஆணைப் பொறுக்கிவிட்டு, பெண் என்று எதையோ ஒன்றைப் பிடித்துப் போடுகிறார்கள். குட்டிக்குப் பாதி ரத்தம் தாயுடையது. நல்ல நீளம், அகலமான வால் அடி, நேரான முதுகு, நன்றாகத் தீனி எடுக்கிற பெண், இதைப் பார்த்துத்தான் தாய்க்கு வைக்க வேண்டும்.

எந்தக் குணம் எப்படி இறங்குகிறது என்பதும் கவனித்தால் பிடிபடும். பாம்புத்தோல் கோடு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அது வேண்டுமென்றால் தகப்பனிடம் இருக்க வேண்டும். செவப்புக் கண் மீன், அதாவது அல்பினோ, அது வேறு மாதிரி. செவப்புக் கண் ஆணையும் சாதா ரகப் பெண்ணையும் சேர்த்தால் முதல் குட்டிகளில் ஒன்றுக்குக்கூடச் செவப்புக் கண் வராது. "போச்சு"ன்னு எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். குணம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்தக் குட்டிகளையே ஒன்றோடு ஒன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று என்ற கணக்கில் செவப்புக் கண் வெளியே வரும். அண்ணன் தங்கச்சியைச் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். முறை எல்லாம் மனுஷங்களுக்குத்தான், மீனுக்கு இல்லை.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வேண்டும். நம் குழு வரவு செலவு நோட்டு மாதிரிதான். பெட்டி எண், எந்த ஆண், எந்தப் பெண், குட்டி போட்ட தேதி, எத்தனை குட்டி, எத்தனை கழிந்தது. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மூன்றாவது மாதம் குழம்பிவிடும்.

குட்டி வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாயே குட்டியைத் தின்றுவிடும், அதனால் வேலம்பாசி அடர்த்தியாகப் போட வேண்டும், பிறந்த குட்டியை உடனே வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா முட்டையை ஒரு நாள் காற்று விட்டு வைத்தால் பொரியும், அதைவிட நல்ல தீனி குட்டிக்கு இல்லை. வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டியும் கொடுக்கலாம், ஆனால் துளிதான், மிஞ்சினால் தண்ணீர் கெடும். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஊராட்சிக் குழாயில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் வந்தால் அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்து அடுத்த நாள் ஊற்றுங்கள். போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பிக்கு ஒத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் விழக் கூடாது. குளிர் தட்டினால் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி வரும். மேலே வலை கட்டாயம். மீன்கொத்தியும் பூனையும் கண்ணுக்குத் தெரியும். தட்டான் பூச்சி முட்டை வைத்துப் போவது தெரியாது, அதன் புழு தண்ணீருக்குள்ளேயே இருந்து குட்டியை ஒவ்வொன்றாகத் தின்னும்.

கழித்த மீனை என்ன செய்வது? நிறம் சேராதது, ஆனால் ஆரோக்கியமானது, அதைக் கலப்பு மீனாக விற்கலாம். வீட்டுத் துணி துவைக்கும் தொட்டியில் கொசுப்புழு தின்ன விடலாம். வளைந்தது, நோய் பட்டதை விற்க வேண்டாம், பேர் கெடும். ஒன்று மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏரியிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கப்பி நம் ஊர் மீன் இல்லை, தென் அமெரிக்கா பக்கத்து மீன். கண்ணாடித் தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனை யாரோ ஏரியில் விட்டதால், இன்று மீன்காரர்கள் வலையில் அதுதான் விழுகிறது, வலையைக் கிழிக்கிறது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

மூன்று தலைமுறை பொறுக்கிய பிறகு என் சிவப்பு வால் ஒரே மாதிரி வந்தது. அதே கடைக்காரர் ஜோடி நாற்பது ரூபாய்க்கு எடுத்தார். எடுத்துவிட்டுக் கேட்டார்: "மாசாமாசம் இதே மாதிரி நூறு ஜோடி தர முடியுமா?" என்னால் முடிந்தது முப்பது ஜோடி. முப்பது ஜோடிக்கு அவர் சொன்னதுதான் விலை, நூறு ஜோடிக்குத்தான் நாம் பேச முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் நிறம் நிலைக்கும், ஆனால் போகப்போக உடம்பு சிறுத்துப்போகும், குட்டி எண்ணிக்கை குறையும், முதுகு வளைந்தது அதிகம் வரும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதைப் பற்றி நர்சம்மா நம்மிடம் சொல்வதுதான். மீனுக்கு முறை இல்லை என்று சற்று முன் சொன்னேன், ஆனால் ரத்தக் கணக்கு மீனுக்கும் உண்டு. அதற்காகக் கடையில் வேறு ஆண் வாங்கி விட்டால் ரகம் கலைந்துவிடும். வழி ஒன்றுதான். அதே ரகத்தை வேறு வீட்டிலும் தனியாக வளர்த்து, சில தலைமுறைக்கு ஒரு தடவை ஆணை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இப்போது இதே சிவப்பு வாலை வைத்திருக்கிறார்கள். சென்ற மாசிக்கு ஆண் மாற்றினோம். அதற்கு அப்புறம் பிறந்த குட்டிகள் எண்ணிக்கையும் கூடியது, உடம்பும் தேறியது. பொறுக்குவதைத் தனியாகச் செய்யலாம். காப்பாற்றுவதைத் தனியாகச் செய்ய முடியாது.

வருமானம் சொல்கிறேன். போன வருஷம் சித்திரை முதல் பங்குனி வரைக்கும் விற்றது 41,000 ரூபாய். தீனி, கரண்ட், மருந்து, பஸ் செலவு 13,000. நின்றது 28,000. மாதத்துக்கு இரண்டாயிரம் சொச்சம். இதை வைத்து மாடி கட்ட முடியாது. ஆனால் மூத்தவள் பிளஸ் ஒன் சேரும்போது யாரிடமும் கை நீட்டவில்லை. "மீனோட விளையாடுறா"ன்னு சொன்ன என் வீட்டுக்காரர், இப்போது கரண்ட் நின்றால் நடுராத்திரி எழுந்து பேட்டரி மோட்டாரை மாட்டுகிறார்.

கடன் வாங்கி ஆரம்பிக்காதீர்கள். முதலில் நாலு பெட்டி, ஒரு ரகம், ஆறு மாதம். பிழைக்க வைக்கத் தெரிந்த பிறகு பெரிதாக்குங்கள். 2020-ல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு மதிப்பு 3 லட்சம் என்று வைத்து, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் என்று வகுத்தார்கள். இப்போது என்ன நிலை என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். மானியம் தொட்டிக்குக் கிடைக்கும், பொறுக்குகிற கண்ணுக்குக் கிடைக்காது.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. ஒரு ரகத்துக்கு மூன்று வீடு என்று பிரிப்போம். மூன்று வீட்டுக்கும் ஒரே மாதிரி நோட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டமைப்புக் கட்டடத்தில் எல்லோரும் மீனைக் கொண்டுவந்து சேர்ந்து பொறுக்குவோம். விற்பதை ஒரே கவராக, ஒரே விலையாக விற்போம். விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். முதல் மூன்று வீட்டுக்கு வேண்டிய தாய் மீனை என் பெட்டியிலிருந்து தருகிறேன், காசு வேண்டாம். நல்ல குட்டி வந்ததும், அதில் இரண்டு ஜோடியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் போதும்.