பண்பட்ட நிலம்

விதைக்கிறவனைப் பற்றிய உவமையை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷகரும் எழுதிவைத்துள்ளனர். விதை ஒன்றே, விதைக்கிறவனும் ஒருவனே. ஆயினும் வழியருகே விழுந்தது பறவைகளுக்கு இரையாயிற்று. பாறை நிலத்தில் முளைத்தது வெயிலிற் கருகிற்று. முட்களிடையே வளர்ந்தது நெருக்குண்டது. நல்ல நிலத்தில் விழுந்ததே பலன் தந்தது.

இவ்வுவமையைக் கேட்போர் பலர், மனிதரை நான்கு வகையாகப் பிரித்து, தம்மை நல்ல நிலத்திலே சேர்த்துக்கொண்டு ஆறுதலடைவர். மண்ணின் இயல்பறிந்த உழவனோ அவ்வாறு எண்ணான். வழியருகேயுள்ள மண்ணும் வயல் மண்ணே. ஓயாது மிதிபட்டமையால் அது இறுகியது. வேத வசனத்தை ஒருபோதும் கேளாதவனுடைய உள்ளம் மாத்திரம் இறுகுவதன்று. ஞாயிறுதோறும் கேட்டும், கேட்டதை உள்ளே புகவிடாது பழகியவனுடைய உள்ளமும் இறுகும்.

இறுகிய நிலமும் பண்படக்கூடும் என்பதற்கு, கி.பி. 354இல் வட ஆபிரிக்காவிலே பிறந்த அகுஸ்தீன் சான்றாவார். மாணவராயிருந்த காலத்தில் அவர் வேதாகமத்தைத் திறந்து பார்த்தார். சிசெரோவின் உரைநடையில் ஊறியிருந்த அவருக்கு அதன் எளிய நடை தாழ்வாகத் தோன்றிற்று, மூடிவைத்துவிட்டார். 384இல் மிலான் நகருக்குச் சொற்கலை ஆசிரியராகச் சென்றபோது, அத்தியட்சர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்கலானார். பொருளை நாடியன்று, சொல்வன்மையை அளந்தறியவே சென்றார். எனினும் சொல்லோடு பொருளும் சிறிது சிறிதாக உட்புகுந்தது. புத்தி இசைந்த பின்னரும் பழைய இச்சைகள் முட்களாய் நின்று நெருக்கின. மனந்திரும்ப விரும்பினார், ஆனால் அதனை நாளைக்கென்று தள்ளிவைத்தார்.

386இல் ஒருநாள் தோட்டமொன்றிலே கண்ணீரோடிருந்தவர், எடுத்து வாசிக்கும்படி கூறிய ஒரு பிள்ளைக் குரலைக் கேட்டு, பவுலின் நிருபங்களைத் திறந்தார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் சில வரிகள் அவருள்ளத்திலே தைத்தன. அடுத்த ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளின்போது அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். இளமையில் அவர் இகழ்ந்து மூடியதும் தோட்டத்தில் திறந்ததும் ஒரே வேதந்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் உழப்பட்டது அவருடைய உள்ளமே.

மழையைத் தருகிறவர் கடவுள். உழுவதும் களைபறிப்பதும் மனிதனுக்கு விடப்பட்ட வேலை. அவ்வேலை பெரிய விரதங்களால் மாத்திரம் ஆவதன்று. சிறு பகுதியொன்றை ஆறுதலாக வாசித்து, அது தன்னிடம் என்ன கேட்கிறதென்று சிந்தித்து, அந்த ஒன்றை அன்றே செய்பவனுடைய நிலம் பண்படும். மன்னிக்க வேண்டுமென்று வாசித்தவனுக்கு, பல ஆண்டுகளாகப் பேச்சற்றிருக்கும் சகோதரன் ஒருவன் இருக்கலாம். அவன் வீட்டுப் படலையை இவன் தட்டும்போதே கலப்பை மண்ணில் இறங்குகிறது. அங்கே போகாமல் அடுத்த அதிகாரத்தை வாசிப்பானாயின், அவ்வாசிப்பும் வழியருகான மண்ணை இன்னுமொருமுறை மிதித்துச் செல்லும் காலடியாகவே முடியும்.